கடைசிப் பந்தி, இரண்டாம் பாகம்

அந்தச் சிரிப்பு ஆவுடைக்கு இன்னும் கேட்கிறது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், இப்போது இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்ட பழைய தியேட்டரின் பால்கனியில், அவளுக்கு இடப்பக்கத்து நாற்காலியிலிருந்து கிளம்பிய சிரிப்பு. முதலில் மூக்கில் ஒரு சின்னச் சீறல். பிறகு அது தொண்டைக்கு இறங்கி உருண்டு, வாயைத் திறந்துகொண்டு, வெண்கலப் பானையில் கூழாங்கல்லைக் கொட்டினாற்போல் கொட்டியது. கீழே பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பி மேலே பார்த்தார்கள். படத்துக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இந்தச் சிரிப்புக்கு இன்னொரு தடவை சிரித்தார்கள். சிரித்தவள் பொன்னி. கல்யாணமாகி ஆறாவது நாள். அப்புறம் அது நின்றது. சிரிப்பு ஓய்வதென்றால் கடைசியில் ஒரு பெருமூச்சு வரும், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், ஐயோ என்பார்கள். இது அப்படி ஓயவில்லை. யாரோ குழாயைத் திருகி மூடினாற்போல் பாதியில் நின்றது. விழ வேண்டிய கடைசிக் கல் விழவில்லை. அது எங்கேயோ அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கிறது, இன்றைக்கும், இந்தக் குளிர்ந்த இருட்டிலும்.

இந்தத் தியேட்டரில் பால்கனி கிடையாது. வண்ணார்பேட்டையில் புதிதாகக் கட்டியது, ஒரே கட்டிடத்தில் மூன்று திரை, சாய்ந்து உட்கார்ந்தால் காலைத் தூக்கிவிடுகிற நாற்காலி. ஆவுடைக்குக் கால் தரையில் இருந்தால்தான் நிம்மதி. வரிசையின் ஓரத்தில் அவளுடைய அண்ணன் சிதம்பரநாதன், அவனையடுத்து அவள் புருஷன் குற்றாலிங்கம், பிறகு அவள், அவளுக்கு இடப்பக்கம் மகள் உத்ரா, உத்ராவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மகன் மகராசன். நாளைக் காலை பத்தரைக்கு மேல் உத்ராவுக்கும் மகராசனுக்கும் பூ வைக்கிறார்கள். தேங்காய் பழம் எல்லாம் வாங்கியாயிற்று. அதற்கு முந்தின நாள் மத்தியானம் எதற்கு சினிமா என்றால், அண்ணனின் ஆசை. "முதல் பாகத்தைப் பாத்துட்டுத்தான நம்ம குடும்பம் ஆரம்பிச்சுது. ரெண்டாம் பாகத்தையும் எல்லாருமா பாத்துட்டு பூ வைப்போம்" என்றான். எல்லாரும் என்று சொன்னானே ஒழிய பொன்னிக்கு டிக்கெட் எடுக்கவில்லை. "அவளுக்குத் தலவலி" என்றான். டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் காரில் ஏறிக்கொண்டபோது பொன்னி வாசலில்தான் நின்றிருந்தாள். தலைவலிக்காரி மாதிரி நெற்றியைச் சுருக்கவில்லை, பத்து எதுவும் போடவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கார்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். "போய்ப் பாத்துட்டு வாங்க மைனி. சிரிக்கிற மாதிரி இருந்தா வந்து சொல்லுங்க" என்றாள். அவள் இவளுக்கு அண்ணன் பெண்டாட்டி, அதனால் மைனி. இவள் அவளுக்கும் அண்ணன் பெண்டாட்டி, அதனால் இவளும் மைனி. ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில், அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கும் இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மைனி மைனி என்று கூப்பிடுவதைக் கேட்டு அப்போது ஊரே சிரித்தது. சிரிக்கிற மாதிரி இருந்தா வந்து சொல்லுங்க. எதற்கு அப்படிச் சொன்னாள்? சும்மா சொல்லியிருப்பாள். பொன்னி சும்மா ஒரு வார்த்தை பேசி எத்தனை வருஷம் ஆயிற்று.

திரையில் கல்யாண மண்டபம். முதல் படத்தில் மாப்பிள்ளைத் தோழனாக ஓடியாடி விழுந்து எழுந்த நடிகர் இப்போது பெண்ணின் தகப்பனாராக உட்கார்ந்திருக்கிறார். மை பூசின மீசை, அசைந்தால் தனியாக அசைகிற முடி. முதல் படத்தில் சம்பந்தியம்மாளாக வந்த நடிகை இறந்துபோய்விட்டதால் சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குகிறாள். எவன் எதைச் சொன்னாலும் அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் படமும் பார்க்கிறது. அப்போது ஒரு சிரிப்பொலி வருகிறது, தியேட்டரிலிருந்து வரவில்லை, படத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத சிரிப்பு. தியேட்டரில் எல்லாரும் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்தான், மாட்டுக்கொட்டகை மாதிரி. முதல் 'கடைசிப் பந்தி' இப்படியா இருந்தது? அதுவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதைதான். பாயசம் தீர்ந்துபோய்க் கடைசிப் பந்தியில் மூண்ட சண்டை இரண்டு வீட்டுக்கும் பரவும். இந்த வீட்டு மருமகளுக்குக் காப்பியில் சர்க்கரை குறைந்தால் அந்த வீட்டு மருமகளுக்குக் காப்பியே கிடையாது. ஒரு காட்சிக்கு ஊரே உருண்டது. இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கக் கையை ஓங்குவான், அங்கே டெலிபோன் அடிக்கும், அந்த வீட்டுப் புருஷனும் கையை ஓங்குவான். இரண்டு கையும் தூக்கியபடி நிற்கும், கடிகாரம் டிக் டிக்கென்று ஓடும், இரண்டு மாமியார்களும் டெலிபோனில் "மொதல்ல நீங்க எறக்குங்க", "இல்ல, நீங்க எறக்குங்க" என்பார்கள். பொன்னி சிரித்தது அந்த இடத்தில்தான். நின்றதும் அந்த இடத்தில்தான். ஆவுடை கீழே விழுந்த முறுக்குப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தவள், பார்த்தாள். அண்ணனின் கை பொன்னியின் தொடையில், பட்டுப்புடவை மடிப்புக்கு மேல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன, சாவி கொடுக்கிற மாதிரி, அவசரமில்லாமல். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். முகம் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைத்துக்கொண்டாள். முறுக்கை எடுத்துக் கடித்தாள். அது கடிபட்ட சத்தம்கூட நினைவிருக்கிறது.

படத்தில் ஓங்கின கை அந்தரத்தில் நிற்கும். வீட்டில் அப்படி நிற்காது, ஒன்று இறங்கியது. மறு வருஷம் ஐப்பசியில் பொன்னி மழையில் நனைந்தபடி பாளையங்கோட்டையில் தன் பிறந்த வீட்டுக்கு, ஆவுடை வாழ்கிற வீட்டுக்கு, வந்து சேர்ந்தாள், இடுப்பில் பதினோரு மாதப் பிள்ளை, பிள்ளையைப் பிடிக்காத இடது கை முழங்கைக்குக் கீழே வேறு யாருடைய கையோ மாதிரி தொங்கியது. மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் மாமியார் குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டு, சத்தமே போடாமல், "எம் மகளை நான் இங்க வச்சுக்கிட்டா அவுக மகளை எந்த முகத்தோட இங்க வச்சிருக்க? ரெண்டும் அவுக அவுக வீட்டுல இருக்கட்டும்" என்றாள். குற்றாலிங்கம் ஒருநாளும் கை ஓங்காத மனுஷன். அவர் ஆவுடையின் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து, பெட்டியில் அடுக்கி, பெட்டியை வாசலில் வைத்தார். கோபமாக எறிந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவ்வளவு நேர்த்தியாக மடித்திருந்தார். ஆவுடைக்கு அப்போது நாலு மாதம், வயிற்றில் உத்ரா. அவள் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பொன்னியின் கையைக் கட்டுப்போட்டுவிட்டு, தானே டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஆற்றுப்பாலம் தாண்டும்போது ஆவுடை குனிந்து சொன்னாள்: "யாராவது கேட்டா வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க மைனி. கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்னு." பொன்னி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அதை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யுளைச் சொல்லிப் பார்ப்பதுபோல. பிறகு திரும்பி, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி, "எந்தப் பக்கமா விழுந்தேன்னு சொல்லணும்?" என்றாள். ஆவுடை கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "இடது பக்கமா" என்றாள். இறங்கும்போது பிள்ளையின் பிடியிலிருந்து விரலை உருவ வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைதான் உத்ராவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஆறடி உயரம், நல்ல வேலை, அத்தைக்கு நாற்காலியைச் சாய்க்கத் தெரியவில்லை என்று தானே வந்து சாய்த்துவிட்டான். நல்ல பிள்ளை. பொன்னி பிள்ளையாயிற்றே. அண்ணன் பிள்ளையும்தான்.

திரையில் அந்தப் பழைய காட்சியை மறுபடி எடுக்கிறார்கள். இப்போது டெலிபோன் இல்லை, செல்போனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கையை ஓங்குகிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் "ஹ" என்கிறான், அதுவும் காசு கொடுத்தோமே என்பதற்காக. அப்போது பெண்ணின் தகப்பனார் கையை ஓங்கின வேகத்தில் அவருடைய ஒட்டுமுடி நெற்றிக்கு நகர்ந்துவிடுகிறது, அதை யாரும் கவனிக்காமல் படமெடுத்திருக்கிறார்கள், அவர் ரொம்ப உருக்கமாகத் தன்மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார். உத்ராவின் மூக்கில் ஒரு சின்னச் சீறல்.  உருண்டது, திறந்தது, கொட்டியது. அத்தைக்காரியின் சிரிப்பு. அந்தச் சத்தம் எந்த ரத்தத்தின் வழியாக எப்படி வந்ததோ, சிரித்தே காட்டாத ஒரு அத்தையிடமிருந்து எப்போது படித்துக்கொண்டாளோ. முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின, அவையும் சிரித்தன. தியேட்டரில் முதன்முதலாக ஒரு உயிர் வந்தது. ஆவுடை எண்ணிக்கொண்டிருந்தாள், ஏன் என்று தெரியாமல், ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. குழாய் மூடியது. கடைசிக் கல் விழவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூடு அவள் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. தானாக விழுந்ததோ, அவள் விழவிட்டாளோ. குனிந்தாள். பாப்கார்ன் டப்பாவுக்குக் கீழே, உத்ராவின் தொடையில், இரண்டு விரல்கள். அவசரமில்லாமல். சாவி கொடுக்கிற மாதிரி. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். திரையின் வெளிச்சம் அதில் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டிருந்தது, அது சிரித்துக்கொண்டிருந்தது.

விளையாட்டாக இருக்கலாம். நாளைக்குப் பூ வைக்கப்போகிறார்கள், சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள், அவள் கேலியாக ஏதாவது சொல்லியிருப்பாள், அவன் கிள்ளியிருப்பான். நான் பார்த்ததுதானா? இருட்டு. கண்ணாடி போடாத கண். முன்னே பார்த்ததைத்தான் இப்போதும் பார்த்தேனோ, பழைய படத்தையே புதுத் திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேனோ. உத்ரா நேராக உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நாற்காலியில் படவில்லை. அவள் தலையில் வைத்த பிச்சிப்பூ மட்டும் மணத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால்? யாரிடம் சொல்ல? வலப்பக்கம் குற்றாலிங்கம் தூங்கிக்கொண்டிருக்கிறார், கையை மடியில் மடித்து வைத்து, புடவையை மடித்த அந்தக் கை. அண்ணனிடம் சொன்னால் அவன் இங்கே ஒன்றும் சொல்லமாட்டான். தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பிவிடுவான், மரியாதையாக, துணி போட்டு மூடி. அப்புறம் வீட்டுக்குப் போவான். வீட்டில் பொன்னி இருக்கிறாள். இங்கே ஒரு வார்த்தை விழுந்தால் அங்கே என்ன விழும் என்று ஆவுடைக்குத் தெரியும், அதற்கு டெலிபோன்கூட அடிக்க வேண்டாம். சொல்லாவிட்டால் உத்ரா. சொன்னால் பொன்னி. இரண்டு கையும் ஓங்கி நிற்கிறது, மொதல்ல நீங்க எறக்குங்க, இல்ல நீங்க எறக்குங்க. ஏசியின் குளிர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. சுவரில் மாலை போட்ட சம்பந்தியம்மாள் அவளையே பார்த்தாள். படத்துக்குள் வைத்திருந்த சிரிப்பு மறுபடி சிரித்தது. சிரிக்கிற மாதிரி இருந்தா வந்து சொல்லுங்க. ஓ, அதற்கா. அதற்காகத்தான் வரவில்லையா. பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா, தன் வீட்டில் வளர்ந்த கை எது என்று. தன் வாயால் சொல்ல முடியாமல் இவளை அனுப்பி இருட்டில் உட்காரவைத்துப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறாள். அல்லது அதுவும் நான் கட்டுகிற கதையோ.

இடைவேளை விளக்கு போட்டார்கள். எல்லா முகமும் வெளிறிக் கிடந்தது. "அத்தை, உங்களுக்குக் காப்பி சொல்லட்டா?" என்று மகராசன் எழுந்தான். "வேண்டாம்ப்பா" என்றாள். அவனிடம் எப்போதும்போலத்தான் குரல் வந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உத்ராவைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தாள். கண்ணாடி முன்னால் உத்ரா குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், சோப்பு போன பிறகும். இருபத்தைந்து வயசு, கூட்டுறவு வங்கியில் வேலை, மேனேஜரை எதிர்த்துப் பேசிவிட்டு வந்து வீட்டில் நடித்துக் காட்டுகிறவள். "என்னட்டி, பாதிலயே சிரிப்ப நிறுத்திட்ட?" என்று ஆவுடை கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா. பொது இடத்துல அப்படிச் சிரிக்கக்கூடாதுன்னு அத்தான் சொன்னாங்க." "வாயாலயா சொன்னான்?" தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உத்ரா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். "எனக்கும் கொஞ்சம் சத்தம் ஜாஸ்திதாம்மா" என்றாள். ஆவுடை கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

வெளியே தாழ்வாரத்தில் சுவரோரம் நின்று பொன்னிக்குப் போன் போட்டாள். விரல் இரண்டு தடவை வேறு எண்ணுக்குப் போயிற்று. நாலாவது மணியில் எடுத்தாள்.  அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் மூச்சுவிட்டது. "மைனி" என்றாள் ஆவுடை. "சிரிக்கிற மாதிரி இல்ல மைனி." பொன்னி ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப எந்திரிச்சு வந்துருங்க" என்றாள். "பாதியிலயா?" "பாதியில எந்திரிச்சாத்தான் உண்டு. முழுசும் பாத்துட்டு வந்து என்ன செய்ய?" குரலில் பதற்றமில்லை, கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரல்.  "நீங்க?" என்றாள் ஆவுடை. "எனக்கென்ன. எனக்குப் பழகுன படந்தான." "இல்ல மைனி, நீங்களும் துணிமணியை எடுத்துக்கிட்டு ரெடியா இருங்க. ஆட்டோவுல அந்த வழியா வாரேன், ஏத்திக்கிடுதேன்." பொன்னி குக்கரை அணைத்தாள்போல, அந்த மூச்சு நின்றது. "அடுப்புல பால் இருக்கு மைனி. மொதல்ல பிள்ளையக் கொண்டுபோய் வீட்டுல விடுங்க" என்றாள். வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் மூக்கில் ஒரு சின்னச் சீறல் கேட்டதா? அழுகையாகவும் இருக்கலாம். ஆவுடை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். "படம் முடியலையேம்மா. பை உள்ள இருக்கு." "கெடக்கட்டும்." உத்ரா ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. அவள் கேட்காமல் கூட வந்ததில்தான் ஆவுடைக்கு எல்லாம் உறுதியாயிற்று. உள்ளே மணி அடித்தது, விளக்கு அணைந்தது, ஆள் இல்லாத சிரிப்பு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை வந்து மோதியது. வெயில் முகத்தில் அடித்தது. மூன்றரை மணி. ஆட்டோவில் உத்ரா வலப்பக்கமாக ஒருச்சாய்ந்து உட்கார்ந்தாள், இடது தொடை சீட்டில் படாமல். உடுப்புக்கு மேலேயே அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள். நாலு ரோட்டு முக்கில் சிவப்பு விளக்கு. மேற்கே போனால் ஆற்றுப்பாலம், அதைத் தாண்டி டவுன். கிழக்கே பாளையங்கோட்டை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "எந்தப் பக்கமாம்மா போணும்?" என்றார். போன் அடித்தது. அண்ணன். அது அவள் கையிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. டவுனுக்குப் போக இருபது நிமிஷம். அவன் தியேட்டரிலிருந்து காரில் வர பதினைந்து நிமிஷம். பொன்னி பெட்டியை எடுத்திருப்பாளா, பாலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளா. போய் வாசலில் நின்று கூப்பிடும்போது அவனும் வந்து நின்றால், மகனும் கூட நின்றால், ஆட்டோவுக்குள் உத்ரா. உத்ராவைப் பார்த்தாள். பிச்சிப்பூச் சரம் அவிழ்ந்து தோளில் கிடந்தது. முதலில் இவளை விட்டுவிட்டு வந்துவிடலாம். விட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம். ஒரு மணி நேரம். பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. "சொல்லுங்கம்மா." ஆவுடை சொன்னாள், "பாளையங்கோட்டை."

மறுநாள் பூ வைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆவுடை திரும்பிப் போனபோது அண்ணன் வீட்டுக் கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது, தட்டியும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பொன்னியின் போனை யாரும் எடுக்கவில்லை. ஆவணி பதினொன்றாம் தேதி காலையில் பொன்னி இறந்துபோனாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக அண்ணன் சொல்லியனுப்பினான். இடது பக்கமாக விழுந்திருக்கிறாளாம்.